ராங்ளர் ஸ்போர்ட்டை ரூபிகான் ஆக்கலாமா? எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

#1 மணல்மேட்டு ஜீப், ஷார்ஜா

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு 2019 ஜீப் ராங்ளர் ஸ்போர்ட் வாங்கினேன், ராங்ளரில் அடிப்படை ரகம். ஜேஎல் மாடல், நாலு கதவு, 3.6 வி6, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். முந்தைய ஓனர் மணல் பக்கமே போகாமல் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டிய வண்டி. கல்பாதைக்கென்றே கம்பெனி செய்யும் உயர் ரகமான ரூபிகான் வாங்கத்தான் ஆசை, ஆனால் அதே வருட ரூபிகானுக்குக் கேட்ட விலை கைக்கு எட்டவில்லை. கடனை அதற்குமேல் இழுக்க வீட்டில் சம்மதம் இல்லை, எனக்கும் மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை ஷவ்கா வாடிக்கு (மலைக்கு நடுவில் வறண்ட ஆற்றுப்பாதை) நண்பர்களோடு போனேன். ஓடைக்குள் ஒரு கல்படி. முன் இடது சக்கரம் கல்மேல் ஏறியதும் பின் இடது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் தூக்கிக்கொண்டது. 4எல்லில்தான் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுப்போடு சுற்றும் நிலை) இருந்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றுகிறது, அடியில் கிர்க் கிர்க் என்று பிரேக் பிடித்துப் பிடித்து விடும் சத்தம், வண்டி ஒரு அங்குலம் முன்னே போய் மறுபடி அதே குழிக்குள் உட்காருகிறது. மூன்றாவது முயற்சியில் பிரேக் கருகும் வாசனை வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த ரூபிகான்காரர் ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு அதே கல்லில் நடந்து போவதுபோல ஏறிப் போனார்.

அதிலிருந்து தூக்கம் இல்லை. ரூபிகானில் இருக்கும் லாக்கர் (ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது), கழற்றி மாட்டும் ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி), 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ் (4எல்லில் வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டும் பெட்டி), 33 அங்குல டயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக என் வண்டியில் போட்டுக்கொள்ள முடியுமா? கையில் 15,000 திர்ஹம் இருக்கிறது. மாதத்தில் மூன்று வாரம் மணல், ஒரு வாரம் வாடி, இதுதான் என் ஓட்டம்.

#2 பழைய கியர்ப்பெட்டி, அஜ்மான்

தம்பி, முடியும். ராங்ளரில் எல்லாமே போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய வண்டிதான். ஆனால் எல்லாவற்றையும் போட்டு முடிக்கும்போது நீ ஒரு ரூபிகானின் விலையைத் தாண்டியிருப்பாய், கையில் இருப்பது ஸ்போர்ட் என்று எழுதிய முல்கியாவாகத்தான் (வண்டிப் பதிவு அட்டை) இருக்கும், விற்கப் போனால் ஸ்போர்ட் விலைதான் கேட்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருத்தப்படக்கூடாது.

அப்புறம், ரூபிகான் என்றால் லாக்கர் என்று மட்டும் நினைக்காதே. 2003 மாடலில் பழைய டிஜே உடம்பில் முதல் ரூபிகான் வந்தபோதே முன்னும் பின்னும் டேனா 44 ஆக்ஸில், 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு லாக்கர் என்று ஒரு கூட்டாகத்தான் கொடுத்தார்கள். ஒன்றை ஒன்று தாங்க வேண்டும் என்று செய்த கூட்டு அது. ஜேஎல்லில் பார்: ஸ்போர்ட்டின் முன் ஆக்ஸில் 186, ரூபிகானுடையது 210. பின்னால் ஸ்போர்ட்டுக்குப் பொதுவாக 200, ரூபிகானுக்கு 220. இந்த எண்கள் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம், மில்லிமீட்டரில். பழைய ஆட்கள் பேச்சில் 186 என்பது டேனா 30, 200 என்பது டேனா 35, 210ம் 220ம் டேனா 44. பின்னால் டேனா 35 இருக்கும் வண்டியில் லாக்கரும் போட்டு 35 அங்குல டயரும் மாட்டிக் கல்லில் ஏறினால் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிவது எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. சாதாரண டிஃப்ரன்ஷியலில் (ஆக்ஸிலின் நடுவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரக் கூடு, சுருக்கமாக டிஃப்) பிடிப்பு இல்லாத சக்கரம் சுற்றிவிடும், பாரம் அதிலே கழிந்துவிடும். லாக் செய்துவிட்டால் பிடிப்புள்ள ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்ட்டில் மொத்த முறுக்கும் போய் விழும்.

எனவே எதையும் வாங்கும்முன் உன் பின் ஆக்ஸில் எது, அதன் கியர் ரேஷியோ (உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் விகிதம்) என்ன என்று தெரிந்துகொள். விஐஎன், அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து வண்டி ஃபேக்டரியில் என்னென்னவோடு வந்தது என்ற பட்டியலை எடு. கையாலும் பார்க்கலாம். மற்ற மூன்று சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்று. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அது எத்தனை சுற்றுகிறது என்று இன்னொருவரை எண்ணச் சொல். மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 3.45. நாலுக்குமேல் சிறிது போனால் 4.10.

#3 பாலைவனப் பருந்து, அபுதாபி

மாதத்தில் மூன்று வாரம் மணல் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதிலிருந்தே பதில் தொடங்க வேண்டும். லிவா பாலைவனம் பக்கம் பதினோரு வருடமாகப் போகிறேன், தல் மொரீப் மணல்மேட்டு அடிவாரத்தில் கூடாரம் போட்ட நாள்கள் கணக்கில்லை. மணலில் நான் லாக்கர் போட்ட தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மணலில் வண்டியை நகர்த்துவது டயர் காற்றும் வேகமும் இன்ஜின் இழுப்பும்தான்.

உங்கள் ஸ்போர்ட்டில் வரும் 245/75 ஆர்17 டயர் மென்மையானது, காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அழகாகத் தட்டையாகி நீளமாகப் படுக்கும். மாவு மாதிரி மணலில் 12 வரைக்கும் போகலாம், ஆனால் அப்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக்கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அடுத்தது, மணலுக்குள் இறங்கும்முன் ஈஎஸ்சி (வண்டி வழுக்காமல் தானே அடக்கும் ஏற்பாடு) பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து முழுக்க அணையுங்கள். சும்மா ஒரு தட்டுத் தட்டினால் பாதிதான் அணையும், மேட்டில் ஏறும்போது சக்கரம் வழுக்குகிறது என்று வண்டி தானே இன்ஜினை அடக்கிவிடும், உச்சிக்கு நாலடி கீழே நின்றுவிடுவீர்கள். புதியவர்கள் ஸ்டக் ஆவதில் பாதி இதனால்தான் என்பது என் அனுபவம்.

4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ் மணலுக்குத் தடைதான். ரூபிகான் வைத்திருக்கும் நண்பர்கள் 4எல் போட்டால் இன்ஜின் கத்தும், சக்கர வேகம் வராது, மேட்டில் மூச்சு முட்டும். உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் 2.72 மணலுக்கு நல்ல எண். அதைத் தொடாதீர்கள்.

#4 கணக்குப்பிள்ளை, துபாய்

டயரைப் பெரிதாக்கினால் கியர் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் டயரின் விட்டம் கிட்டத்தட்ட 31.5 அங்குலம். ரூபிகானின் 285/70 ஆர்17 காகிதத்தில் 33, உண்மையில் 32.7. 3.45 கியரை அப்படியே வைத்து 33 மாட்டினால் வண்டிக்கு அது 3.3 கியர் போலத் தெரியும். 35 மாட்டினால் 3.1. அதாவது சாலையில் எட்டாவது கியர் விழவே விழாது, மணலில் பருந்து அண்ணன் சொன்ன இழுப்பு போய்விடும். நிறையப் பேர் 35 டயர் மாட்டிவிட்டு இன்ஜின் சோம்பேறியாகிவிட்டது என்கிறார்கள். இன்ஜின் அதேதான், கியர்தான் நீண்டுவிட்டது.

கல்லில் ஊர்ந்து ஏறுவதற்கு இன்னொரு கணக்கு. முதல் கியர் 4.71, அதைத் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஷியோவாலும் ஆக்ஸில் ரேஷியோவாலும் பெருக்க வேண்டும். ரூபிகான் ஆட்டோமேட்டிக்: 4.71 x 4 x 4.10, அது 77. உங்கள் வண்டி: 4.71 x 2.72 x 3.45, அது 44. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டுவிட்டு ஆக்ஸில் கியரை மட்டும் 4.56 ஆக்கினால் 58. 44லிருந்து 58க்குப் போவது காலில் நன்றாகத் தெரியும்.

நெடுஞ்சாலைக்குப் பயப்பட வேண்டாம். இப்போது 120 கிலோமீட்டரில் எட்டாவது கியரில் இன்ஜின் சுமார் 1,840 ஆர்பிஎம் சுற்றும். 33 டயரும் 4.56 கியரும் போட்டால் சுமார் 2,340. பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நாளைக்கு 35க்குப் போனாலும் அதே 4.56 உங்களைக் கைவிடாது, 31.5 டயரில் 4.10 ஓட்டுவது போல இருக்கும்.

#5 டெட்ராய்ட் தமிழன், மிஷிகன்

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். இங்கே ரூபிகான் வாங்குபவர்களில் ஒரு கூட்டம் ஷோரூமிலிருந்து நேராக 37 டயரும் புது சஸ்பென்ஷனும் போடப் போய்விடும். அவர்கள் கழற்றும் 33 டயர், ரிம், ஷாக், ஸ்பிரிங், பக்கவாட்டுக் கம்பி எல்லாம் ஐம்பது மைல்கூட ஓடாமல் விற்பனைக்கு வரும். அதற்கு ‘டேக் ஆஃப்’ என்றே பெயர். ஸ்போர்ட் ஓனர்களுக்கு அதுதான் சந்தை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் நம் வண்டியில் அப்படியே உட்காரும், ஒரு வெட்டு ஒரு ஒட்டு வேண்டாம். ஜீப் நிறுவனமே விற்ற வில்லிஸ் எடிஷனைப் பாருங்கள், ஸ்போர்ட்டை எடுத்து ரூபிகானின் ஷாக்கும் பக்கவாட்டுக் கம்பியும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்பும் போட்டதுதானே அது. நீங்கள் கேட்பதில் பாதியை கம்பெனியே செய்து காட்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2018க்குப் பிந்தைய ஜேஎல்லில் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரு பாதுகாப்புக் கதவு இருக்கிறது. டயர் அளவு, கியர் ரேஷியோ மாற்றினால் வண்டிக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு டேஸர், ஜேஸ்கேன் என்று கருவிகள் உண்டு, ஜேஸ்கேனுக்கு அந்தக் கதவைச் சுற்றிப் போக ஒரு கேபிள் வேண்டும். சொல்லாமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் மாறும் நேரமும் குழம்பும்.

#6 மணல்மேட்டு ஜீப், ஷார்ஜா

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

நேற்று ஜாக்கி வைத்துப் பார்த்தேன். கியர்ப்பெட்டி அண்ணா, ஒரு விஷயம் விசித்திரமாக இருக்கிறது. நியூட்ரலில்தான் வைத்தேன், ஹேண்ட் பிரேக் இல்லை, ஆனால் தூக்கிய சக்கரம் கையால் சுற்றவே மாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் டயரைப் பிடித்து முழுப் பலம் போட்டால் கொஞ்சம் நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

இன்னொன்று. ஷார்ஜா ஸ்கிராப்பில் முன்பக்கம் இடித்த ரூபிகான் ஒன்று பிரித்துக் கிடக்கிறது. இரண்டு ஆக்ஸிலும் லாக்கரோடு சேர்த்துக் கொடுக்கிறேன் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

#7 பழைய கியர்ப்பெட்டி, அஜ்மான்

தம்பி, அது பிரேக் இல்லை என்று நினைக்கிறேன். உன் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃப் இருக்கிறது. உள்ளே கிளட்ச் தகடுகள் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால்தான் தரையில் இருக்கும் சக்கரம் மேலே இருப்பதைச் சுற்றவிடவில்லை. விஐஎன் பட்டியலில் ‘ஆன்டி ஸ்பின்’ என்று இருக்கிறதா பார். இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம், ஸ்போர்ட்டில் அந்த ஆப்ஷன் வாங்கியவர்களுக்குப் பின்னால் 220 ஆக்ஸில்தான் வந்தது. அப்படியென்றால் லாக்கர் போடுவதற்கு உன் பின் ஆக்ஸில் தகுதியானது.

ஆனால் ஷவ்காவில் ஏன் உதவவில்லை என்று கேட்பாய். சக்கரம் முழுக்கத் தொங்கிவிட்டால் அந்தக் கிளட்ச் பிடிக்கும் அளவுக்குத்தான் மறுபக்கம் முறுக்கு போகும், கல்படி ஏற அது போதாது. நீ கேட்ட கிர்க் சத்தம் பிரேக் லாக் டிஃப்ரன்ஷியல், எல்லா ராங்ளரிலும் இருக்கிறது. சுற்றும் சக்கரத்தில் பிரேக்கைப் பிடித்து மறுபக்கத்துக்கு முறுக்கை அனுப்பும். சக்கரம் வழுக்கிய பிறகுதான் அது விழிக்கும், நாம் மேலும் மிதித்தால்தான் வேலை செய்யும், மிதித்தால் பிரேக் சூடாகும். லாக்கர் வழுக்குவதற்கு முன்பே பிடித்திருக்கும். அந்த ரூபிகான் மெதுவாக ஏறியதற்கு அதுதான் காரணம்.

ஸ்கிராப் ஆக்ஸில் வேண்டாம். காரணம் சொல்கிறேன். முன்பக்கம் இடித்த வண்டி, முன் ஆக்ஸில் குழாய் ஒரு நூல் வளைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, டயர் தேயும்போதுதான் தெரியும். ரூபிகானின் முன் ஆக்ஸில் சற்று அகலம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டும் சேர்ந்து வராவிட்டால் நீ அதைத் தேடி அலைவாய். லாக்கர் மின்சாரத்தில் ஓடுவது, உன் வண்டியில் சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை, கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஜேஎல்லின் முன் ஆக்ஸிலில் 2எச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஓடும்போது ஒரு பக்க ஷாஃப்ட்டைப் பிரித்துவிடும் ஏற்பாடு வேறு இருக்கிறது, அதன் மோட்டாரும் வயரும் சரியாக இருக்க வேண்டும். நேராக்கிக் கொடுக்கத் தெரிந்த கை இருந்து, நேராக நிற்கும் ஆக்ஸில் கிடைத்தால் செய்யலாம், கெட்ட வழி இல்லை. 15,000 வைத்துக்கொண்டு முதல் வேலையாகச் செய்வது கெட்ட வழி.

நான் உன் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன். முதலில் காற்று இறக்கவும் ஏற்றவும் நல்ல சாமான், இழுக்கும் கயிறு, இரண்டு ஷேக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்). பிறகு டேக் ஆஃப் டயரும் ரிம்மும் ஷாக்கும். அதோடு முன் ஸ்டெபிலைசர் பாரைக் கையால் கழற்றும் லிங்க். ஆறு மாதம் ஓட்டு. அப்புறம்தான் கிரவுன் பினியனும் (ஆக்ஸிலின் கியர் ரேஷியோவை மாற்றும் பல்சக்கர ஜோடி) பின் லாக்கரும். அந்த இரண்டையும் ஒரே நாளில் செய். டிஃப்பைத் திறந்து, பேரிங்கை எடுத்து, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து மூடும் கூலிதான் பெரிய செலவு. லாக்கருக்கு ஒரு தடவை, கியருக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை திறந்தால் அந்தக் கூலியை இரண்டு தடவை கொடுப்பாய்.

#8 சென்னை தார், சென்னை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2013 மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்) இருக்கிறது. 2015 ஃபேஸ்லிஃப்டில் சிஆர்டிஇக்குப் பின்னால் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப் வந்தது, என்னுடையதில் இல்லை. அந்தப் புதிய வண்டியின் டிஃப்பை என்னுடையதில் போட்டால் ராங்ளர் லாக்கர் மாதிரி வேலை செய்யுமா? இங்கே ஆர்டிஓ பிரச்சினையும் இருக்கிறது என்கிறார்கள்.

#9 பழைய கியர்ப்பெட்டி, அஜ்மான்

நண்பரே, அது ஈட்டன் கம்பெனி செய்யும் வேறு வகை. சுவிட்ச் கிடையாது. இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்ததும் உள்ளே இருக்கும் எடைக்கட்டை விரிந்து தானே பூட்டிக்கொள்ளும், மணிக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குமேல் பூட்டாது. சேற்றில் அருமையாக வேலை செய்யும். பூட்டும்போது டக்கென்று ஒரு அடி விழும், புதியவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று இறங்கிப் பார்ப்பார்கள். பூட்ட வேண்டுமானால் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும், அதனால் பயந்து பயந்து மிதித்தால் பூட்டாது. ஆக்ஸில் முழுசாக மாற்றுவதானால் முன் ஆக்ஸிலின் ரேஷியோவும் பின்னால் வருவதும் ஒன்றா என்று பல்லை எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வேறுபட்டால் 4x4 போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

சட்டம் பற்றி: 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பு சொன்னது, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று. டயர் அளவு, உயரம், முன்னால் பெரிய பம்பர் இவைதான் வெளியே தெரிந்து மாட்டுவது. டிஃப்புக்குள் இருப்பது வெளியே தெரியாது என்பதற்காக அது சரி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் இன்சூரன்ஸ்காரரிடமும் ஆர்டிஓவிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்பது பயன்படாது.

#10 பாலைவனப் பருந்து, அபுதாபி

கியர்ப்பெட்டி அண்ணன் சொன்ன வரிசையில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க். வாடியில் சரி, சக்கரம் நன்றாகத் தொங்கித் தரையைத் தேடும், பெரிய நன்மை. ஆனால் புதியவர் ஒருவர் கழற்றிவிட்டு அப்படியே மணலுக்கு வந்து சரிவில் பக்கவாட்டாக 50 கிலோமீட்டரில் போனால் வண்டி ஒரு பக்கம் படுத்துவிடும். ரூபிகானில் ஃபேக்டரி வைத்த பொத்தான் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே மறுபடி மாட்டிக்கொள்ளும். கையால் கழற்றுவதற்கு அந்தப் புத்தி கிடையாது, ஓட்டுபவருக்குத்தான் இருக்க வேண்டும்.

#11 பழைய கியர்ப்பெட்டி, அஜ்மான்

பருந்து சொல்வது முழுக்கச் சரி, நான் எழுதாமல் விட்டது தப்பு. தம்பி, லிங்க்கைக் கழற்றினால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டு. வாடியை விட்டு வெளியே வந்து லிங்க்கை மாட்டிவிட்டுத்தான் துணியை அவிழ்க்க வேண்டும். பார்க்க எளிய வழி, பல வருடமாக நான் செய்வது.

#12 கணக்குப்பிள்ளை, துபாய்

ஸ்பீடோமீட்டர் பற்றி இரண்டு வரி. 33 டயர் மாட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டால் மீட்டர் 120 காட்டும்போது உண்மையில் 125 போவீர்கள். 35 மாட்டினால் 133. துபாயில் பலகையில் போட்ட வேகத்துக்குமேல் 20 வரை ரேடார் விடும். அபுதாபியில் 2018லிருந்து அந்தச் சலுகையே கிடையாது, பலகையில் 120 என்றால் 121க்கும் அபராதம்தான். லிவாவுக்குப் போகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

பாசிங் (வண்டிப் பதிவுக்கான சோதனை) பற்றியும். வண்டியை உயர்த்துவது, டயர் ஃபெண்டரை விட்டு வெளியே வருவது, இன்ஜினில் கை வைப்பது இதற்கெல்லாம் அனுமதி வாங்காமல் போனால் டெஸ்டிங்கில் திருப்பி அனுப்புவார்கள், சாலையிலும் பிடிப்பார்கள். வாங்கும்முன் டெஸ்டிங் சென்டரிலேயே போய்க் கேளுங்கள், நேரில் தெளிவாகச் சொல்கிறார்கள்.

#13 மணல்மேட்டு ஜீப், ஷார்ஜா

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையைப் படித்து யாராவது என் மாதிரி யோசித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காக நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

விஐஎன் பட்டியல் எடுத்தேன். ஆன்டி ஸ்பின் இருந்தது, 220 பின் ஆக்ஸில், 3.45. அன்றைக்குச் சந்தோஷத்தில் வீட்டில் பிரியாணி.

ரூபிகானின் 33 டயர் ஐந்தும் ரிம்மோடு, கூடவே ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒருவரிடம் கிடைத்தது, துபாயில் வண்டியை உயர்த்தியவர். ஸ்பிரிங் மாட்டியதும் வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் பழைய டயர் மென்மையானது என்று பருந்து அண்ணன் முதலிலேயே சொன்னது சரிதான், புது டயர் பக்கச்சுவர் கெட்டியானது, 15 பிஎஸ்ஐயில் பழைய டயர் படுத்த அளவுக்கு இது படுக்கவில்லை. ஃபாசில் ராக் மணல் பக்கம் முதல் நாள் 15ல் திணறினேன். 12க்கு இறக்கியதும் வண்டியின் குணமே மாறியது. டயரின் அடியில் அந்த வீக்கம் தெரியும்வரை இறக்க வேண்டும், எண்ணைப் பார்த்து அல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 3.45 கியரில் அந்த டயர் பாரமாகத்தான் இருந்தது, மேட்டில் பாதியில் இரண்டாவது கியருக்கு விழுந்து கத்தும்.

ஐந்தாவது மாதம் போனஸ் வந்தது. 4.56 கிரவுன் பினியன் முன்னும் பின்னும், பின்னால் ஏஆர்பி கம்பெனியின் ஏர் லாக்கர், கம்ப்ரஸர் காற்றில் பூட்டுவது. மின்சார லாக்கரை விட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம் கம்ப்ரஸர். லாக்கருக்காகப் போடும் அந்தக் கம்ப்ரஸரே மணலை விட்டு வெளியே வந்ததும் நாலு டயருக்கும் காற்று ஏற்றுகிறது. தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. சொன்ன 15,000ஐத் தாண்டிவிட்டது, அதை மறைக்கவில்லை.

இப்போது நடந்த தப்பு. விலை குறைவு என்று ஒரு கராஜில் கொடுத்தேன். ஒரே நாளில் இரண்டு டிஃப்பும் முடித்துக் கொடுத்தார்கள், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 80 கிலோமீட்டரில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊஊ என்று ஒரு ஊளை. போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், ஊளை கூடியது, டிஃப் கவரில் கை வைக்க முடியவில்லை. கியர்ப்பெட்டி அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அவரே வந்து பார்த்துவிட்டு ஓட்டாதே என்று சொல்லி அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் வண்டியை ரிக்கவரியில் அனுப்பினார்.

கவரைத் திறந்து பல்லில் மஞ்சள் மை தடவி இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டினார் அந்த மெக்கானிக். மை அழிந்த தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும், என்னுடையதில் உள்முனை ஓரத்தில் ஒரு நகக்கண் அகலத்துக்குத்தான் இருந்தது. பழைய ஷிம்மை எடுத்து அப்படியே வைத்து மூடியிருக்கிறார்கள், அளக்கவே இல்லை. பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி) 0.15லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்று டயல் கேஜை வைத்து, ஷிம்மை மாற்றி மாற்றி நாலு தடவை பிரித்து மாட்டினார். பின் டிஃப் ஒன்றுக்கே ஒன்றரை நாள். நல்லவேளை பல் கெடவில்லை.

அதன்பின் அவர் சொன்னபடி முதல் நாள் 25 கிலோமீட்டர் ஓட்டி முழுக்க ஆறவிட்டேன், இப்படிப் பல தடவை. 800 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினோம், வடித்த எண்ணெயில் வெள்ளிப் பொடி மின்னியது, முதல் மாற்றத்தில் அது இருக்கும் என்றார். ஊளை இல்லை.

#14 டெட்ராய்ட் தமிழன், மிஷிகன்

முழுசாக எழுதியதற்கு நன்றி. பாகம் எங்கே வாங்குவது என்று கேட்பவர்கள் நிறைய, யார் ஷிம் வைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஸ்பீடோமீட்டர் சரியாகிவிட்டதா? முன் லாக்கர் போடும் எண்ணம் உண்டா?

#15 மணல்மேட்டு ஜீப், ஷார்ஜா

ரேஷியோவும் டயர் அளவும் டேஸரில் ஏற்றிவிட்டோம், ஃபோனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

முன் லாக்கர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முன்னால் இருப்பது 186தான், அதில் லாக்கர் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கல்லில் மிதித்தால் என்ன ஆகும் என்று கியர்ப்பெட்டி அண்ணன் ஒரு முறிந்த ஷாஃப்ட்டைக் கையில் கொடுத்துக் காட்டினார். முறிந்த முகம் கயிறு முறுக்கியது மாதிரி திருகிக்கொண்டு இருந்தது. 4:1ம் வேண்டாம். கணக்குப்பிள்ளையின் கணக்குப்படி இப்போது இருக்கும் 58 எனக்குப் போதுகிறது.

போன சனிக்கிழமை ஷவ்காவுக்கு அதே கல்படிக்குப் போனேன். லிங்க்கைக் கழற்றி ஸ்டியரிங்கில் துணி கட்டினேன், 18 பிஎஸ்ஐ, 4எல், முதல் கியர். முன் இடது சக்கரம் கல்மேல் ஏறியது. பின் இடது இந்தத் தடவை தூக்கவில்லை, நீளமாகத் தொங்கித் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தி லாக்கர் சுவிட்சைத் தட்டினேன். பின்னால் புஸ்ஸென்று சின்ன சத்தம், விளக்கு எரிந்தது. காலைப் பிரேக்கிலிருந்து மெதுவாக எடுத்தேன். ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக ஏறி மேலே வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் முடிந்துவிட்டதா அப்பா என்று கேட்டாள்.

#16 பாலைவனப் பருந்து, அபுதாபி

படிக்கும்போதே மனம் நிறைந்தது. அடுத்த குளிர்காலத்தில் லிவாவுக்கு வாருங்கள், லாக்கரை அணைத்து வைத்துக்கொண்டு ஏற வேண்டிய மேடுகள் காட்டுகிறேன்.

#17 மணல்மேட்டு ஜீப், ஷார்ஜா

கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை காலை 6 மணிக்கு ஷவ்கா அணை பக்கம் நிற்போம், நாலு வண்டி வருகிறது, அதில் இரண்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்போர்ட். ஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்கும்முன் ஒருமுறை வந்து என் வண்டியை ஓட்டிப் பாருங்கள், லாக்கர் போட்டும் போடாமலும் அதே கல்லில் ஏறிப் பார்க்கலாம். தண்ணீரும் டயர் காற்று மீட்டரும் கொண்டு வாருங்கள், கம்ப்ரஸர் என்னிடம் இருக்கிறது.